பின்னலை இடையில் நிறுத்துதல்

துத்தநாக உப்புக் கரைசலில் சோடியம் பாஸ்பேட் கரைசலை ஊற்றினால், கண்ணிமைக்கும் நேரத்தில் வெண்ணிற வீழ்படிவு கிடைத்துவிடும். ஆய்வுப் பணியின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இத்தகைய, எந்தக் கரைப்பானிலும் கரையாத பொடிகளே. பாஸ்பேட் அயனி ஒரு நான்முகி. அதன் நான்கு ஆக்சிஜன்களும் நான்கு திசைகளில் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும். துத்தநாகமும் அவ்வாறே நான்கு கைகளை நீட்டுவதால் பின்னல் முப்பரிமாணத்தில் முடிவின்றி வளர்கிறது. எனவே சில உலோக அணுக்களோடு முடிந்துவிடும் தனி மூலக்கூறான கொத்துச் சேர்மம் வேண்டுமென்றால், வினையை நிகழ்த்துவதைவிட உரிய இடத்தில் நிறுத்துவதே பெரும்பாடு.

அதற்கு எளிய வழி, இருபக்கமும் ஒவ்வொரு கையைக் கட்டிவிடுவதாகும். ஐஐடி மும்பையின் முருகவேல் குழுவினர் 2006-இல் வெளியிட்ட துத்தநாகச் சேர்மங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாஸ்பாரிக் அமிலத்தின் ஒரு முனையில் 2,6-டைஐசோபுரொப்பைல்பீனைல் என்னும் பருமனான தொகுதியைப் பொருத்தி, துத்தநாகத்தின் ஒரு கையைக் காலிடின் போன்ற ஈனியால் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறால்) அடைத்துவிட்டால், எஞ்சிய மும்மூன்று கைகளும் இணைந்து கனசதுரமாக மூடிக்கொள்கின்றன. அதன் 8 மூலைகளில் துத்தநாகமும் பாஸ்பரசும் மாறிமாறி அமர்கின்றன; 12 விளிம்புகளிலும் ஒவ்வோர் ஆக்சிஜன் பாலமாக நிற்கிறது. நுண்துளைகள் கொண்ட திண்மமான சியோலைட்டு ஏ-யின் கட்டமைப்பிலும் இதே வடிவ அலகு உண்டு என்பதால், சுவரிலிருந்து ஒரு செங்கல்லை மட்டும் பெயர்த்து எடுத்துக் கரைசலில் போட்டதுபோல் எனக்குத் தோன்றும்.

பாஸ்பேட்டின் நான்கு கைகளில் இரண்டை மூவிணைய பியூட்டைல் தொகுதிகளால் கட்டினால் கிடைப்பது வேறு வடிவம். நடுவில் ஓர் ஆக்சிஜன், அதைச் சுற்றி 4 துத்தநாக அணுக்கள், அந்த நான்முகியின் 6 விளிம்புகளிலும் 6 பாஸ்பேட்டுகள். இதை மிதமாகச் சூடாக்கினாலே பியூட்டைல் தொகுதிகள் ஐசோபியூட்டீன் வாயுவாக வெளியேறிவிடும். கட்டு அவிழ்ந்ததும் நிறுத்திவைத்த பின்னல் மீண்டும் தொடர்ந்து, துத்தநாக பாஸ்பேட் திண்மமாகிறது.

மாலிப்டினத்தில் இத்தகைய கட்டுகளே வேண்டியதில்லை. சுவீடன் வேதியியலர் பெர்சிலியஸ் 1826-இல் விவரித்த மஞ்சள் நிற அம்மோனியம் பாஸ்போமாலிப்டேட்டில் ஒரே பாஸ்பேட் நடுவில் அமர, 12 மாலிப்டினம் எண்முகிகள் (ஒவ்வொன்றிலும் ஒரு மாலிப்டினத்தைச் சுற்றி 6 ஆக்சிஜன்கள்) அதைச் சூழ்கின்றன. இவ்வமைப்பை, இதையொத்த டங்ஸ்டன் அமிலத்தின் எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து கெக்கின் 1933-இல் கண்டறிந்தார். வெளிப்புறம் நோக்கிய ஆக்சிஜன்கள் மாலிப்டினத்துடன் இரட்டைப் பிணைப்புத் தன்மையோடு பிணைந்து காரத்தன்மை குன்றி, வேறு உலோகத்தைப் பற்றாதிருப்பதால், கூண்டு தானாகவே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. ஆனால் அது உருவாக ஒரு பாஸ்பேட்டுக்கு 23 புரோட்டான்கள் தேவை. அமிலம் குறைந்து பாஸ்பேட் மிகுந்தால், 5 எண்முகிகளாலான வளையமும் அதன் இருபுறமும் ஒவ்வொரு பாஸ்பேட்டும் கொண்ட வேறொரு கொத்து வந்துவிடும்.

கையில் இருப்பது எது என்று அறிய முதலில் பாஸ்பரஸ்-31 அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (என்எம்ஆர்) நிறமாலையைத்தான் பார்ப்பேன். ஒற்றை முகடு வந்தால் மகிழ்ச்சிதான், ஆயினும் எல்லாப் பாஸ்பரசும் ஒரே சூழலில் இருக்கின்றன என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. கொத்தில் உலோகம் நான்கா, எட்டா என்பதற்குப் படிகத்தின் எக்ஸ் கதிர் ஆய்வே சாட்சி. அந்தப் படிகமோ தான் வளர்ந்த தாய்க்கரைசலை விட்டு வெளியே வந்ததும் சிக்கியிருந்த கரைப்பானை இழந்து மங்கி, விரிசல் விடக்கூடியது. ஆகவே அதை எண்ணெய்த் துளிக்குள் வைத்தே தேர்ந்தெடுத்து, கருவியின் குளிர் நைட்ரஜன் ஓட்டத்துக்கு உடனே கொண்டுசேர்க்கிறோம்.