ஒரு பக்க வசனமும் ஓர் அடவும்

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் நிகழ்கலைப் பள்ளிக்கு நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். 1922இல் அவர் காலமானது இதே ஊரில்தான். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. வேலையில் சேர்ந்த வாரமே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். நாடகக் கம்பெனிச் சிறுவர்களுக்கு நாடகம் எழுதியதும், பாட்டு வசனம் சொல்லிக்கொடுத்ததும், ஒத்திகை பார்த்ததும் அவர் ஒருவரே. ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். நடிக்கப்போகிற பையன்களின் குரல் காதிலேயே இருந்திருக்கும், அதனால்தான் முடிந்தது என்பது என் எண்ணம்.

நடிப்பவரின் குரலைக் கேட்டு எழுதுவது எனக்குக் கைவர வெகுநாள் ஆனது. முதுகலைப் படிப்பு இரண்டே வருஷம். ஒரு மாணவனின் குரல் எதுவரை போகும் என்று பிடிபடுகிற நேரத்தில் அவன் பெட்டியைக் கட்டிவிடுவான்.

செய்யாறு பக்கத்துக் கூத்துக் குடும்பத்திலிருந்து ஒருவன் வந்தான். அப்போது ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிடும் கிழவரைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருந்தேன். ஏரி வற்றிய பிறகு அவர் ஊரைப் பார்த்துப் பேசுவது முழுசாக ஒரு பக்கம். பெருமையோடு எழுதிய பக்கம். அவனுக்கோ அது வாயில் நிற்கவே இல்லை. மூன்று வாரம் போராடினோம். நான் குரலை உயர்த்த உயர்த்த அவன் குறுகிக்கொண்டே போனான். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கூத்தில் வேஷக்காரர் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, பின்னாலிருந்து பாடி, சலங்கைச் சத்தத்தை முதலில் கேட்கவிட்டு, அப்புறம்தான் முகம் காட்டுவார். ஒரு சாயங்காலம், “சரி தம்பி, உங்க ஊர்ல வர்ற மாதிரி வா” என்றேன். விடுதியிலிருந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்து இரண்டு பேர் பிடித்தார்கள். போர்வைக்குக் கீழே பாதங்கள் மட்டும் தெரிந்தன. அடவு, அதாவது கூத்தின் ஆட்டக் காலடி, கனமாக விழுந்தது. போர்வை இறங்கியது. தோளில் புஜக்கீர்த்தி கட்டியிருக்கிற நினைப்பிலேயே கைகளை அகட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தான். பாதிச் சுற்றில் கால் தளர்ந்தது, வாய்க்கால் காய்ந்துபோன மாதிரி. நின்று, “மடையைத் திறந்துதான் வெச்சிருக்கேன்” என்றான். அந்தப் பக்கத்தின் கடைசி வரி அது.

யாரும் பேசவில்லை. “இது போதுமா சார்?” என்று கேட்டான். மீதி வரிகளை அங்கேயே பேனாவால் அடித்தேன்.

அதற்குப் பிறகு எந்த நாடகத்தையும் முழுசாக எழுதி எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனதில்லை. பாதியோடு போவேன், மீதியை அவர்கள் நடக்கிற நடையைப் பார்த்து எழுதுவேன்.

அந்த நாடகம் பிற்பாடு அச்சானது. அந்த இடத்தில் ஒரே வரிதான், அதற்கு மேல் ‘அடவு’ என்று ஒரு குறிப்பு. அந்த வேஷத்தை ஏற்கிற பிள்ளைகள் என்ன அடவு என்று எனக்குப் போன் செய்கிறார்கள். நான் அவனுடைய நம்பரைக் கொடுக்கிறேன்.