பிட்ட அறுவை சிகிச்சை கோணலாகிவிட்டால், மறுபடி கத்தி வைக்கும் முன்

கோவையில் ஒரு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் பல ஆண்டுகள் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் வீட்டோடு இருக்கிறேன். தீக்காயம், விபத்துக் காயம், உதட்டுப் பிளவு என்று பார்த்துப் பழகியவள் நான். சில காலமாக வேறொரு சிக்கலோடு பெண்கள் என்னைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள். வெளிநாட்டில் பிட்டத்தை எடுப்பாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அது சரியாக அமையாமல் தவிப்பவர்கள். “இதெல்லாம் உனக்குத் தேவையா?” என்று கேட்க அவர்களுக்கு வீட்டிலும் ஊரிலும் ஆள் இருக்கிறது. நான் கேட்பதில்லை. உடம்பும் அவர்களுடையது, உழைத்துச் சேர்த்த பணமும் அவர்களுடையது. வலியோடு வந்து நிற்பவளுக்கு அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை.

வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, “யார் நன்றாகச் சரிசெய்வார்கள்?” என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, “உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்?” என்று. இதற்கு விடை தெரியாமல் இரண்டாவது அறுவைக்குத் தேதி வாங்குவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. சொந்தக் கொழுப்பா, சிலிக்கான் இம்பிளான்டா (உள்ளே பதிக்கும் திண்டு), ஊசி வழியாக ஏற்றிய ஏதோ திரவமா? மூன்றுக்கும் வழி வேறு, காத்திருக்க வேண்டிய காலம் வேறு, ஆபத்தும் வேறு.

என் நாத்தனார் மகள் விஷயத்தைச் சொல்கிறேன். எழுதுங்கள் என்று சொன்னது அவளேதான்; பெயர் மட்டும் வேண்டாம். வயிற்றிலும் இடுப்பிலும் தொடையிலும் உறிஞ்சிய கொழுப்பைப் பிட்டத்தில் ஏற்றியிருந்தார்கள். ஊருக்கு வந்தவள் என்னிடம் கைப்பேசியை நீட்டினாள். “அத்தை, ஊசி போட்டு அரை மணி நேரத்தில் பள்ளத்தை நிரப்பிவிடலாம் என்கிறார்கள், போகட்டுமா?” ஏதோ ஒரு கிளினிக் அனுப்பிய செய்தி. என்ன ஊசி, என்ன மருந்து என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

“கொஞ்சம் பொறு அம்மிணி” என்று அவளை ஜன்னலோரம் நிற்கவைத்தேன். குப்புறப் படுத்தால் மேடுபள்ளம் பாதி மறைந்துவிடும். நிற்கும்போது, பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் உண்மை தெரியும். அறுவைக்கு முன் மருத்துவர்கள் நிற்கவைத்தே பேனாவால் குறியிடுவது இதனால்தான். நான் கண்மைப் பென்சிலால் வரைந்தேன். இடது பக்கம் வெளிப்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழிவு. வலது பக்கம் பாக்களவில் ஒரு கட்டி. தொட்டால் சூடு இல்லை, சிவப்பு இல்லை, அழுத்தினால் லேசான வலி. பிட்டத்துக்கும் தொடைக்கும் நடுவே இயற்கையாக இருக்கும் மடிப்புக்குக் கீழே, புதிதாக இன்னொரு மடிப்பு.

அந்த இரண்டாவது மடிப்புதான் எனக்குக் கவலை தந்தது. பிட்டத்தின் அடியில் இருக்கும் கொழுப்பு அதைத் தாங்கியும் நிற்கிறது. தொடை மெலிந்து தெரிய வேண்டும் என்று அங்கே அளவுக்கு மீறி உறிஞ்சினால், மேலே இருப்பது கீழே சரிந்து இன்னொரு கோடு விழும். உறிஞ்சிய இடத்தில் திரும்பக் கொழுப்பு வைத்துப் பார்க்கலாம். உள்ளே இழுத்துப் பிடிக்கும் தழும்பு நார்களை விடுவிக்கலாம். முழுவதும் போய்விடும் என்று யாராவது உறுதி சொன்னால் அவரிடம் போகாதீர்கள்.

குழிவுக்குக் காரணம் வேறு. ஏற்றிய கொழுப்பு அப்படியே தங்குவதில்லை. புது இடத்தில் ரத்த ஓட்டம் கிடைத்த செல்கள் பிழைக்கும், மற்றவை கரையும். மூன்றில் ஒரு பங்கு கரைவது சாதாரணம். சிலருக்குப் பாதிவரை போகும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கரைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதல் வாரங்களில் கண்ணாடியில் தெரிவது வீக்கமும் சேர்ந்த அளவு. வடிவம் நிலைக்க ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். அதற்கு முன் செய்யும் திருத்தம், இன்னும் மாறிக்கொண்டிருக்கும் உடம்பின் மேல் செய்யும் திருத்தம். அவள் அழுதாள். இருந்தாலும் காத்திருக்கச் சொன்னேன்.

கட்டிக்கு அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தோம். பிழைக்காத கொழுப்பு எண்ணெயாக உருகி, அதைச் சுற்றி உறை கட்டியிருந்தது. இதைப் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்லும் மசாஜ்காரர்கள் இருக்கிறார்கள்; தயவுசெய்து வேண்டாம். தொந்தரவு இல்லாத சிறு கட்டியை விட்டுவிடலாம். வலித்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் எண்ணெயை எடுக்கலாம். சுண்ணாம்பு படிந்து இறுகியதென்றால் வெட்டி எடுத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவளுக்கு ஊசியே போதுமானதாக இருந்தது.

மறுபடி கொழுப்பு ஏற்றுவதென்றால், எடுக்கக் கொழுப்பு வேண்டும். முதல் முறையிலேயே வயிற்றை ஒட்ட உறிஞ்சிவிட்டால் எங்கிருந்து எடுப்பது? மெலிந்த பெண்களுக்கு இந்த வழி பாதி அடைந்துபோகிறது. அப்போது பெரிதாக இருக்கும் பக்கத்தைக் கொஞ்சம் குறைத்துச் சமன் செய்வது நல்ல யோசனை.

இதில் உயிராபத்து எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிட்டத் தசைக்குள்ளும் அதன் அடியிலும் பெரிய சிரைகள் ஓடுகின்றன. கொழுப்பு ஏற்றும் குழாய் தசைக்குள் இறங்கி அந்தச் சிரையைக் கிழித்தால், கொழுப்பு இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். ஆபரேஷன் மேசையிலேயே இறந்தவர்கள் உண்டு. 2018ல் பன்னாட்டுப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கங்கள் சேர்ந்து, கொழுப்பைத் தோலுக்கடியில் மட்டுமே வைக்க வேண்டும், தசைக்குள் கூடாது என்று எச்சரித்தன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2019ல் தசைக்குள் ஏற்றுவதைத் தடை செய்தது. 2022ல் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும் என்றும், ஒரு மருத்துவர் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் செய்யக்கூடாது என்றும் உத்தரவிட்டது. தழும்பு விழுந்த திசுவில் குழாய் நினைத்த பாதையில் போகாது. ஆகவே இரண்டாவது முறை இந்தக் கவனம் இன்னும் அதிகமாக வேண்டும். “எந்த அடுக்கில் வைப்பீர்கள்? அல்ட்ராசவுண்ட் பயன்படுத்துவீர்களா?” என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவர் உங்களுக்கு வேண்டாம்.

சிலிக்கான் இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு வரும் தொல்லை இடம் நகர்வது, புரண்டுகொள்வது, சுற்றிலும் நீர் கோப்பது, தையல் பிரிவது, சீழ் பிடிப்பது. சீழ் பிடித்தால் பேச்சே இல்லை: அதை எடுத்துவிட்டு, கிருமியை ஒழித்து, சில மாதம் ஆறவிட்ட பிறகுதான் அடுத்த யோசனை. தோலுக்கு மிக அருகில் வைத்ததால் நகர்ந்தது என்றால், தசைக்குள் புதிய இடம் அமைத்து மாற்றுவார்கள். எடுத்துவிட்டுச் சும்மா இருப்பதும் ஒரு வழிதான். தோல் தொங்கினால் உபரியை வெட்டித் தூக்கிக் கட்டலாம். நீளமான தழும்பு விழும் என்பதை மனதில் வைத்துச் சம்மதியுங்கள்.

மிகவும் கொடுமை மூன்றாவது. அழகு நிலையத்திலோ ஹோட்டல் அறையிலோ திரவச் சிலிக்கானை ஊசியில் ஏற்றிவிடுகிறார்கள். உடல் வடிவத்துக்காகச் சிலிக்கான் ஊசி போடுவதற்கு அனுமதியே இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017ல் எச்சரித்தது. இம்பிளான்ட் மாதிரி இதை முழுதாக வெளியே எடுக்க முடியாது. திசுவோடு கலந்துவிடும், தொடை வரை இறங்கும். பல ஆண்டுகள் கழித்துக்கூடத் தோல் கறுத்து இறுகி, சீழ் வைக்கும். சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். எம்.ஆர்.ஐ. பார்த்து, எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவைப் பல கட்டங்களில் எடுப்பார்கள். அதன் மேல் கொழுப்பையோ இன்னொரு ஊசியையோ ஏற்றச் சம்மதிக்கவே கூடாது.

இன்னொன்று. காயம் ஆறிய பிறகு, வாரக்கணக்கில் கழித்துச் சிவந்த கட்டிகள் கிளம்பி, வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்குக் கேட்கவில்லை என்றால், மைக்கோபாக்டீரியம் (காசநோய்க் கிருமியின் குடும்பம்) இனக் கிருமியா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். 2013, 2014ல் டொமினிக்கன் குடியரசில் அழகு அறுவை செய்துகொண்டு அமெரிக்கா திரும்பிய பெண்களிடம் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், குளிர்க்காய்ச்சல் இருந்தால் பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். வடிவத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. (இப்போது டி.ஆர்.என்.பி.) மேற்படிப்பு முடித்தவரா என்று பாருங்கள். பிறர் செய்ததைத் திருத்திய அனுபவம் உண்டா, ஒரு வருடம் கழித்து எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. முழுச் செலவும் கையிலிருந்துதான்.

ஆவணங்களை வாங்காமல் விடாதீர்கள். என் நாத்தனார் மகளிடம் இருந்தது ஒரே ஒரு தாள். எவ்வளவு கொழுப்பு, எந்த அடுக்கு என்று எதுவும் இல்லை. அந்த மருத்துவமனைக்கு மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் போட்டுத்தான் ஆபரேஷன் குறிப்பு வந்தது. இந்தியாவில் செய்துகொண்டவர்களுக்கு இது எளிது: நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகள் சொல்கின்றன. இழப்பீடு கேட்க வேண்டியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

அவளுக்கு ஒரு வருடம் கழிந்த பிறகு இடது குழிவில் தோலுக்கடியில் கொஞ்சம் கொழுப்பு வைத்தார்கள். பக்கங்கள் ஓரளவு சமமாகிவிட்டன. இரண்டாவது மடிப்பை அப்படியே விட்டுவிடுகிறேன் என்று அவளே முடிவெடுத்தாள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. வேலந்தாவளம், கோபாலபுரம், சித்தூர்ப் பக்கம் யாருக்காவது மருத்துவரைப் பார்க்கத் துணைக்கு ஆள் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். கோவையானாலும் கொச்சியானாலும் கூட வருகிறேன்.