பெரியம்மாவின் மடங்காத முட்டி

பெரியம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து 2 மாதம் ஆகப்போகிறது. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "எக்சர்சைஸ் ஒழுங்கா செய்யலையா?" எதிர்வீட்டு மாமிக்கு 110 டிகிரி மடங்குகிறதாம். இங்கே 80-ஐத் தாண்டவில்லை.

எனக்கு எரிச்சலாக வருகிறது. அறுவைக்குப் பின் முட்டி எவ்வளவு மடங்கும் என்பது, பெரும்பாலும் அதற்கு முன்னால் எவ்வளவு மடங்கியது என்பதைப் பொறுத்தது. பெரியம்மாவுடையது பழைய விபத்தில் எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, அப்புறம் அதை எடுத்த கால். பல வருடமாகவே பாதிதான் மடங்கும். தழும்பு தோலில் மட்டுமா இருக்கும்? உள்ளேயும்தான். தொடைத் தசையும் சுருங்கியிருக்கும். மூட்டை மாற்றினார்கள், தசையை மாற்றவில்லையே. போதாததற்குச் சர்க்கரை வேறு. மாமியோ, வலித்தாலும் காலை நன்றாக மடக்கி உட்கார்ந்துகொண்டிருந்தவர். இரண்டு பேரையும் எப்படி ஒப்பிடுவது?

பொருத்திய மூட்டின் அளவோ நிலையோ சரியில்லாவிட்டாலும், உள்ளே கிருமி தொற்றினாலும் கால் விறைக்கும். சில உடம்பு தழும்புத் திசுவை அளவுக்கு மீறி வளர்த்துவிடும். வலி அடங்காவிட்டால் அசைக்கவே பயம் வரும். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் சோம்பேறிப் பட்டம் கொடுப்பது அநியாயம்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. சுகமாக இருக்கிறதென்று பெரியம்மா முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்வார். பிசியோ தம்பி வந்ததும் முதலில் அதை உருவிப் போடுவார். அப்படியே படுத்திருந்தால் கால் நேராக நீளாமல் போய்விடும். மடங்காததைவிட நீளாதது மோசம், ஒவ்வொரு அடிக்கும் நொண்ட வேண்டியிருக்கும். அந்த விஷயத்தில் தப்பித்தோம், கால் நேராகவே நீள்கிறது.

சமதளத்தில் நடக்க 70 டிகிரி போதும். படி இறங்க, நாற்காலியிலிருந்து எழ 90-ஆவது வேண்டும். அதனால் மயக்கம் கொடுத்து, கத்தி வைக்காமல் கையாலேயே மடக்கிவிடலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். முதல் 3 மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம், அப்புறம் தழும்பு இறுகிவிடும். செய்த உடனே பிசியோவையும் தொடங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வந்த டிகிரி போய்விடும்.

டாக்டர் இதையெல்லாம் விளக்கி முடித்ததும் பெரியம்மா கேட்டது, மாடியேறி வடாம் பிழியலாமா என்றுதான்.