மீஞ்சூர் பக்கம் வீடு கட்டுமுன் ஒரு பாட்டில் தண்ணீர்

வடசென்னையின் தண்டையார்பேட்டை, வியாசர்பாடியில் அரை கிரவுண்டுக்குள் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) நெருங்கி இருந்தவர்கள் மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் தாண்டி மனை பார்க்கப் போனால் ரோடு எத்தனை அடி, வாசல் எந்தத் திசை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீரும் மண்ணும்.

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறுவது 1960களிலேயே தெரிந்துவிட்டது. அளவுக்கு மீறி உறிஞ்சியதன் பலன். ஒரு தெருவில் நல்ல தண்ணி, அடுத்த தெருவில் உவர் என்று இருக்கும். பக்கத்து வீட்டு போரை கால்மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடித்து லேபில் கொடுங்கள். பிஎச் (அமில-காரத் தன்மை), குளோரைடு, சல்பேட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பிஎச் 6-க்குக் குறையக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. வாயில் வைத்துப் பார்த்து "பரவால்ல சார், லேசாத்தான் கரிக்குது" என்று மேஸ்திரி சொல்வது கணக்கில் வராது. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். சில வருஷத்தில் சீலிங் பொரிந்து காரை காரையாக விழும். கலக்க லாரித் தண்ணி, நனைக்க போர்த் தண்ணி என்று மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. நனைக்கிற தண்ணியின் உப்பும் கான்கிரீட்டுக்குள்தான் இறங்கும்.

அதனால் லாரித் தண்ணியைச் சேர்த்து வைக்க சம்ப்பை (நிலத்தடித் தொட்டி) முதலில் கட்டிவிடுவது நல்லது. உள்ளளவு 10 அடி நீளம், 8 அடி அகலம், 5½ அடி ஆழம் என்றால் சுமார் 12,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று அப்படியே அடங்கும். ஆனால் மழைக்காலத்தில் அதைக் காலியாக விடாதீர்கள். அந்தப் பக்கம் ஊற்று மேலே ஏறிவிடும், வெறும் தொட்டி படகு மாதிரி கிளம்பும்.

அடுத்தது மண். ஏப்ரல், மேயில் போய்ப் பாருங்கள். நெல் விளைந்த நிலம் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தால் களிமண். ஆறடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அடிமண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். உடையாமல் பென்சில் மாதிரி நீண்டால் சந்தேகமே வேண்டாம். மழையில் உப்பி வெயிலில் சுருங்குகிற மண் இது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இதன் வேலை. மண் பரிசோதனை செய்து ஃபுட்டிங் (தூணின் அடிப்பாதம்) ஆழத்தை இன்ஜினியரை முடிவு பண்ணச் சொல்லுங்கள். களி ஆழமாக இருந்தால் அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போடச் சொல்வார். செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு வேறு. கடைக்காலுக்குத் தோண்டிய களிமண்ணையே பேஸ்மென்ட்டுக்குள் (வீட்டுத் தரைக்கு அடியில் எழுப்பும் மேடை) தள்ளி நிரப்புவார்கள். லோடு மிச்சம்தான், ஆனால் இரண்டாம் மழைக்கு டைல்ஸ் தூக்கும். களியை வெளியே போட்டுவிட்டு கிராவலோ குவாரி டஸ்ட்டோ அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு இறுக்க வேண்டும். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சரிவாகத் தளம் போட்டால் மழைத்தண்ணி கடைக்கால் ஓரம் இறங்காது.

பேஸ்மென்ட் உயரத்துக்கு ரோட்டை மட்டும் நம்ப வேண்டாம், ரோடு வருஷா வருஷம் ஏறும். 2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் மணலி புதுநகருக்குள் புகுந்தது நினைவிருக்கும். பக்கத்துக் காம்பவுண்டில் வெள்ளம் நின்ற கறையைத் தேடுங்கள். அதற்கு மேல் இரண்டடியாவது வையுங்கள்.

கான்கிரீட்டில் எம்25 என்ற வலுத் தரத்துக்குக் குறைய வேண்டாம். அதை சிமென்ட், மணல், ஜல்லி 'ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று' என்று சட்டியில் அளந்து போட முடியாது, கலவை விகிதத்தைக் கணக்கிட்டுத் தரும் மிக்ஸ் டிசைன் வேண்டும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டர்தான், மணலில் இருக்கிற ஈரமும் அதில் சேர்த்தி. இறுக்கமாக இருக்கிறது என்று ஹோஸைத் திறப்பார்கள்; கான்கிரீட் போடும் அந்த ஒரு நாளாவது வாளியோடு பக்கத்தில் நில்லுங்கள். கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் ஃபுட்டிங்குக்கு 50 மில்லிமீட்டர், தூணுக்கு 40, பீமுக்கு 25-30. ஜல்லித்துண்டை முட்டுக்கொடுத்தால் கான்கிரீட் கொட்டும்போது நழுவி, கம்பி சென்ட்ரிங் பலகையில் படுத்துவிடும். வரும் மூட்டைகள் பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த, மெதுவாக வலுவேறும் சிமென்ட்) என்பதால் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது.

பத்திர விஷயம் சுருக்கமாக: பட்டா, எஃப்எம்பி (நில அளவை) வரைபடம், 30 வருஷ வில்லங்கம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வாய்க்கால் புறம்போக்கு ஓரமாக ஓடுகிறதா என்பதை எஃப்எம்பியை வைத்து இடத்தில் டேப் பிடித்தே பாருங்கள். அனுமதியில்லாத மனையை 20.10.2016-க்குப் பிறகு பிரித்து விற்றிருந்தால் அனுமதியில்லா மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைக்குள் வராது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் 2024-இல் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். ஒரு கிரவுண்டு மனை இதற்குள் வந்துவிடும்.