நீங்கன்னா போடுவியளா?

"நீங்கன்னா இதுல கையெழுத்துப் போடுவியளா சார்?" என்று அவர் கேட்டார்.

"சட்டப்படி போடக்கூடாத அக்ரிமெண்ட் இல்ல அண்ணாச்சி. கடை ஓடுமாங்கிறத நீங்கதான் பாக்கணும்" என்று நான் சொன்னேன்.

நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பதிலில் ஒரு சொல்லையும் பிழை என்று என்னால் காட்ட முடியாது. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலா என்பதுதான் இன்னும் எனக்குத் தெளியவில்லை.

அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற அவர், பணிக்கொடைப் பணத்தைப் போட்டு ஒரு தேநீர்க் கடை ஃப்ரான்சைஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுக்க முடிவு செய்திருந்தார். ஆங்கிலத்தில் 41 பக்க ஒப்பந்தத்துடன் வக்கீலான என்னிடம் வந்தபோது, திருப்பித் தரப்படாத முன்பணமாக 2 லட்ச ரூபாயை ஏற்கெனவே கட்டியிருந்தார். மறுநாள் காலை கையெழுத்து. அமெரிக்காவில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ பணம் கட்டவோ குறைந்தது 14 நாள்களுக்கு முன்பே, கடைகளின் கணக்கு, மூடப்பட்டவற்றின் எண்ணிக்கை, நிறுவனத்தின் மீதுள்ள வழக்குகள் ஆகியவை அடங்கிய ஆவணத்தை வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை வைத்தே எல்லாவற்றையும் அளக்கிறோம். பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் மௌனமாக இருப்பது மட்டுமே மோசடி ஆகாது என்பது அதன் 17ஆம் பிரிவின் விளக்கம். ஆகவே கேட்காத வரை நிறுவனம் எதையும் சொல்லாது. கடையை மூடியவர்கள் நான்கு பேரின் எண்ணை வாங்கிப் பேசிப் பாருங்கள் என்று நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சொன்னவை பல உண்டு. நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக் கட்டும் ராயல்டி விற்பனைமீதுதான், லாபத்தின்மீது அல்ல. நட்டம் வந்தாலும் கட்ட வேண்டும், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று விளக்கினேன். தகராறு வந்தால் நடுவர் விசாரணை பெங்களூரில்தான் என்பதைச் சொன்னேன். அதே பகுதியில் இன்னொரு கடை திறக்க மாட்டோம் என்ற உறுதி, அதாவது இடப் பாதுகாப்பு, எங்குமே இல்லை என்பதையும் சொன்னேன். ஆனால் அதிக நேரம் எடுத்துக்கொண்டது, ஒப்பந்தம் முடிந்தபின் இரண்டாண்டுக்கு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற ஷரத்துக்காக. ஒப்பந்தக் காலத்துக்குள் அப்படிப்பட்ட தடை செல்லும் என்று குஜராத் பாட்டிலிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், காலம் முடிந்தபின் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது என்பதையும் இருபது நிமிடம் பேசினேன். எனக்கு நன்றாகத் தெரிந்ததை நிறையப் பேசினேன் என்பதை இப்போது உணர்கிறேன். அவருக்கு எது ஆபத்து என்பது அந்த இருபது நிமிடத்தில் இல்லை.

அது வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. நிறுவனம் 30 நாள் அறிவிப்பில் ஃப்ரான்சைஸிலிருந்து விலகிக்கொள்ளலாம். கட்டட உரிமையாளருடனான லாக்-இன் காலமோ, அதாவது இடையில் காலி செய்தாலும் வாடகை கட்டியாக வேண்டிய காலமோ, மூன்று ஆண்டுகள். "ஓனர்கிட்ட லாக்-இன்னக் கொறைக்கச் சொல்லுங்க" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவர் ஒரு பழுப்பு உறையின் பின்புறம் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இதை எழுதினாரா என்று நான் பார்க்கவில்லை.

பதினான்காம் மாதத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் அதே பெயரில் இன்னொரு கடை வந்தது. பத்தொன்பதாம் மாதத்தில் ராயல்டி பாக்கியைக் காட்டி நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்தது. லாக்-இன்னில் மீதம் 17 மாத வாடகை. உரிமையாளர் கேட்ட முழுத் தொகையும் நியாயமான இழப்பீடுதானா என்று 74ஆம் பிரிவை வைத்து வாதாட இடம் இருந்தது; அவர் கோர்ட்டு வேண்டாம் என்றார். வாடகை அட்வான்ஸ் முழுவதையும் விட்டுக்கொடுத்து, மேலும் கொஞ்சம் கட்டி வெளியே வந்தார்.

வக்கீல் வியாபார ஆலோசகர் அல்ல. பணமும் கட்சிக்காரருடையது, முடிவும் கட்சிக்காரருடையது என்று என் சீனியர் கற்றுக்கொடுத்ததை நான் இன்றும் நம்புகிறேன். நான் வேண்டாம் என்று தடுத்து, அதே கடை வேறொருவர் கையில் செழித்திருந்தால் அவருக்கு யார் பதில் சொல்வது? இப்படி யோசிக்கும்போது மனம் சற்று ஆறுகிறது. ஆனால் அவர் கேட்டது வியாபாரம் ஓடுமா என்றல்ல. 41 பக்கத்தையும் படித்த ஒரு மனிதன் தன் பணத்தை இதில் போடுவானா என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது: போட மாட்டேன். அன்றே இருந்ததா, கடை மூடியபின் வந்து சேர்ந்ததா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோப்பில் என் கையெழுத்தில் "இடப் பாதுகாப்பு இல்லை, சொல்லப்பட்டது" என்று இருக்கிறது. அடியில் இரண்டு கோடுகள். அந்தக் கோடுகளை அவருக்காகப் போட்டேனா, எனக்காகப் போட்டேனா?

எல்லாம் முடிந்தபின் கட்டணம் கொடுக்க வந்தவர், "நீங்க அன்னைக்கே சொன்னியளே சார், நாந்தான் கேக்கல" என்றார். நான் அதை மறுக்கவில்லை. அந்த ஒரு நிமிடம்தான் மற்ற எல்லாவற்றையும்விட என்னை அதிகம் உறுத்துகிறது.

சென்ற ஆண்டு, மழலையர் பள்ளி ஃப்ரான்சைஸ் ஒப்பந்தத்துடன் ஓர் ஆசிரியை வந்தார். ஏறக்குறைய அதே கேள்வி. "நான் போட மாட்டேம்மா" என்றேன், காரணங்களையும் எழுதிக் கொடுத்தேன். அவர் விலகிக்கொண்டார், இடத்தை வேறொருவர் எடுத்தார். நீதிமன்றத்திலிருந்து மதியம் திரும்பும் வழியில் அந்தப் பள்ளி வாசலில் பெற்றோரின் இருசக்கர வாகனங்கள் தெருமுனை வரை நிற்கின்றன. ஒப்பந்தத்தின் நகலை எடுத்து மறுபடியும் படித்துப் பார்த்தேன். ஷரத்துகள் அன்று இருந்தது போலவே மோசமாகத்தான் இருக்கின்றன. அந்த ஆசிரியையும் அதே தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்.