நடுவரே ஆட்டக்காரராக இருந்த கதை

ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பான வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் பற்றிப் பேச்சு வந்தால், 2014 ஜூலையில் உரிமை கைமாறியதைத்தான் நான் முதலில் இழுப்பேன். 2012 ஏப்ரலில் அந்த கிளப்பைத் தொடங்கியதே ஆஸ்திரேலியக் கால்பந்துக் கூட்டமைப்புதான். அந்த கிளப் ஆடும் ஏ-லீக் என்ற தேசியப் போட்டித் தொடரை நடத்தியதும் அதுதான். விசில் ஊதுகிறவரே ஒரு அணிக்குச் சொந்தக்காரர்! முதல் சீசனிலேயே புள்ளிப்பட்டியலில் முதலிடம் வேறு. மற்ற கிளப் ரசிகர்கள் முணுமுணுக்காமல் என்ன செய்வார்கள்?

பெயரும் சிவப்பு-கறுப்பும் ரசிகர்களிடம் கேட்டு முடிவானவை. அதனால்தானோ என்னவோ, பாரமட்டா மைதானத்தின் வடக்கு ஸ்டாண்டில் முதல் வருடமே அவ்வளவு சத்தம். அந்த கிளப்பை விற்கிறார்கள் என்றதும் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். வாங்கியது பால் லெடரர் தலைமையிலான குழு. கையில் காசுள்ளவர்கள், சரி, ஆனால் நிறத்தில் கை வைப்பார்களா? வைக்கவில்லை. பயிற்சியாளர் டோனி போபோவிச்சும் தொடர்ந்தார்.

அப்புறம் அதே வருடம் நவம்பர் 1, ரியாத். ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதியின் இரண்டாம் ஆட்டம், சவுதி கிளப் அல்-ஹிலாலுடன் கோலில்லாத டிரா. பாரமட்டாவில் நடந்த முதல் ஆட்டத்தில் வாண்டரர்ஸின் யூரிச் அடித்த ஒற்றை கோலே அந்தக் கோப்பையைத் தந்தது. கூட்டமைப்பு இன்னும் நான்கு மாதம் பொறுத்திருந்தால் விலையைக் கூட்டிக் கேட்டிருக்கலாம்!