ஸ்கூபாவுக்கும் ஃப்ரீடைவிங்குக்கும் ஒரே வாட்ச்: கிணற்றில் இறக்கிப் பார்த்த குறிப்புகள்

செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கடல் ஒன்றும் தொலைவில் இல்லை. தேவகோட்டையைத் தாண்டிப் போனால் தொண்டி. ஆனால் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். 13 மீட்டரைத் தொடும் இடமே அரிது. படகுக்காரர்கள் கணக்கில் ஏழு பாகம். அந்த ஆழத்தில் ஸ்கூபா (சிலிண்டர் காற்றோடு முங்குவது) போட்டால், உடம்பில் நைட்ரஜன் ஏறும் பாதுகாப்பு வரம்பு வருவதற்கு முன்பே சிலிண்டர் காலியாகிவிடும். வரம்பு நெருக்குவதெல்லாம் அந்தமான் போன்ற இடங்களில்தான். ஆக, இந்தப் பக்கத்து ஆள் வாங்கும் டைவ் வாட்ச் ஆண்டின் பெரும்பகுதி மூச்சடக்கி முங்கும் ஃப்ரீடைவிங் பயிற்சிக்கும், விடுமுறையில் கொஞ்ச நாள் ஸ்கூபாவுக்கும் உழைக்கப்போகிறது. விளம்பரங்களில் இது தலைகீழ்: ஸ்கூபா வசதிகள் பத்தி பத்தியாக இருக்கும், ஃப்ரீடைவ் மோட் கடைசியில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

மோட் மாற்றினால் பூட்டிக்கொள்கிறதா?

வாங்குவதற்கு முன் கையேட்டை இறக்கிப் படிக்க வேண்டிய முதல் பக்கம் இதுதான். "ஃப்ரீடைவிங்தானே, கேஜ் மோட் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. கேஜ் மோடில் வாட்ச் ஆழத்தையும் நேரத்தையும் மட்டும் அளக்கும், நைட்ரஜன் கணக்குப் போடாது. உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாததால், பிறகு ஸ்கூபா கணக்குப் போட மறுத்துவிடும். சூண்டோ டி5-ல் இந்தப் பூட்டு 48 மணி நேரம். கார்மின் டிசென்ட் வரிசையில் 24 மணி நேரத்துக்கு கேஜும் அப்னியாவும் (அதில் ஃப்ரீடைவ் மோடின் பெயர்) மட்டும்தான் ஓடும். அந்தமான் போய் இறங்கிய மாலையே ஆசைக்குக் கேஜ் மோடில் ஒரு முங்கு முங்கினால், மறுநாள் காலை படகில் கைக்கடிகாரம் வெறும் கடிகாரம்தான்.

இன்னொரு பக்கம், ஸ்கூபா மோடிலேயே ஃப்ரீடைவ் செய்வது. ஃப்ரீடைவர் மேலே வரும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 60. ஸ்கூபா மோட் பொறுத்துக்கொள்வது நிமிடத்துக்கு 9, 10 மீட்டர். ஒவ்வொரு முங்குக்கும் அலறும், பதிவேட்டில் விதிமீறல் என்று எழுதும். நடுவில் மேலே இருந்த சில நிமிடங்களை இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் ஒரே டைவாகக் கோத்துவிடும் மாடல்களும் உண்டு.

தேவையானது, ஃப்ரீடைவ் மோடிலும் பின்னணியில் நைட்ரஜன் கணக்கைத் தொடரும் வாட்ச். ஓஷியானிக் ஜியோ 4.0 அப்படிப்பட்டது, ஸ்கூபாவுக்கும் ஃப்ரீக்கும் இடையே தடையில்லாமல் மாறலாம். ஆனால் வாட்ச் விடுவதால் உடம்பும் விட்டுவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கூபா முடித்தபின் இரத்தத்தில் இருக்கும் நுண்குமிழிகள் வழக்கமாக நுரையீரலில் சிக்கி மெல்ல வெளியேறும். அந்த நேரத்தில் மூச்சடக்கி வேகமாக இறங்கினால் அழுத்தத்தில் குமிழி சுருங்கி, நுரையீரல் வடிகட்டியைத் தாண்டித் தமனிப் பக்கம் போக வழி கிடைக்கிறது. இரண்டையும் வெவ்வேறு நாளில் வைப்பது நல்லது. முடியாவிட்டால் ஃப்ரீடைவ் முதலில், ஸ்கூபா பிறகு. ஸ்கூபாவுக்குப் பின் ஃப்ரீடைவ் என்றால், விமானம் ஏறக் காத்திருக்கும் அதே இடைவெளி (கணக்கு கீழே).

கிணற்றுச் சோதனை

கடலுக்குக் கொண்டுபோகும் முன், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே சோதித்துவிடலாம். செட்டிநாட்டு வீடுகளில் கிணறு இருக்கிறது, ராட்டினமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு 5 மீட்டர் தண்ணீர் நின்றால் போதும். இறங்க வேண்டியது வாட்ச் மட்டும், ஆள் இல்லை. கிணற்றுக்குள் மூச்சடக்கிப் பழகுவது தற்கொலைக்குச் சமம். ஊருணி பக்கமும் போக வேண்டாம், அது குடிக்கிற தண்ணீர்.

6 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு எடுங்கள். நைலான் நனைந்தால் நீளும், ஏமாற்றும். கயிற்றை முதலில் நனைத்து, 2 கிலோ எடையைத் தொங்கவிட்டு, அந்த இழுப்பிலேயே மீட்டருக்கு ஒரு நிற இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வாட்சை எடைக்கு 30 செ.மீ. மேலே கட்ட வேண்டும்; அடிச்சேறு படக் கூடாது, அழுத்த சென்சாரின் துளைகள் சாமி விளக்கின் எண்ணெய்க் கண் அளவுகூட இருக்காது, ஒருமுறை சேறு அடைத்தால் ஊசி போட்டுக் குத்தவும் முடியாது. அளவை சென்சார் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடுங்கள், பட்டைக் கொக்கியிலிருந்து அல்ல. இறக்குவதற்கு முன் பத்து நிமிடம் கிணற்றடியிலேயே வையுங்கள். மோட் ஃப்ரீடைவில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். கேஜில் இறக்கிவிட்டு "வாட்ச் பழுது" என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

5 மீட்டர் குறியில் 4.9 காட்டினால் பதற வேண்டாம், அதுதான் சரி. பெரும்பாலான டைவ் கம்ப்யூட்டர்கள் இஎன் 13319 என்ற ஐரோப்பியத் தரப்படி தண்ணீரின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 1020 கிலோ என்று வைத்துக்கொள்கின்றன. அது கடல்நீருக்கும் நன்னீருக்கும் நடுவில் ஓர் எண். கிணற்று நீர் 996, 997 வரும். ஆக 100-க்கு இரண்டு, இரண்டரை குறைவாகத்தான் காட்டும். நன்னீர் என்று அமைப்பை மாற்ற வசதி இருந்தால் மாற்றி மறுபடி இறக்குங்கள், 5.0 வர வேண்டும். நன்னீர் அமைப்பிலும் 4.7-க்குக் கீழே நின்றால் முதலில் கயிற்றை மறுபடி அளங்கள். கயிறு சரி என்றால்தான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது வேகச் சோதனை. இதில்தான் மலிவு மாடல்கள் மாட்டிக்கொள்ளும். நொடிக்கு 1 மீட்டர் கணக்கில் ஐந்து எண்ணிக் கயிற்றை விடுங்கள், இரண்டு நொடி நிறுத்துங்கள், அதே வேகத்தில் இழுங்கள். மொத்தம் 12 நொடி. பிறகு ஃபோனில் பதிவை இறக்கி வரைபடத்தைப் பெரிதாக்குங்கள். நொடிக்கு ஒரு பதிவு எடுக்கும் வாட்சில் சுமார் 12 புள்ளியும், அடியில் ஒரு சின்னத் தட்டையும் தெரியும். 10 நொடிக்கு ஒரு பதிவு என்றால் ஒன்றிரண்டு புள்ளி, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். அதிகபட்ச ஆழத்தைத் தனியாகச் சேமிப்பதால் அந்த எண் மட்டும் சரியாக இருக்கும். அதைப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். எந்த ஆழத்தில் வேகம் குறைந்தது, முங்கியவர் எங்கே திரும்பினார், எழும்போது கடைசி 5 மீட்டரில் என்ன நடந்தது என்பதெல்லாம் வரைபடத்தில்தான் இருக்கிறது. ஸ்கூபாவுக்கு 10 நொடி, 20 நொடி பதிவு தாராளம். ஃப்ரீடைவுக்கு 1 நொடி, அதற்கு மேல் வேண்டாம்.

டைவ் எங்கே தொடங்குகிறது என்பதையும் இதே கயிற்றில் பார்த்துவிடலாம். பல வாட்ச்கள் 1.2 அல்லது 1.5 மீட்டருக்குக் கீழே போனால்தான் கணக்கைத் தொடங்கும். நீச்சல் குளத்தில் 1 மீட்டர் ஆழத்தில் கிடைமட்டமாக நீந்திப் பழகுபவருக்கு அந்த வாட்ச் ஒன்றையும் பதியாது; கையால் தொடங்கும் ஸ்டாப்வாட்ச் வசதி இருக்கிறதா பாருங்கள்.

அலாரமும் பட்டையும்

ஃப்ரீடைவில் திரையைப் பார்க்கக் கழுத்தை வளைப்பதே தப்பு. காதும் தோலும்தான் வாட்சைப் படிக்க வேண்டும். ஒலி மட்டும் உள்ள மாடலை ஹூட் (காதை மூடும் தலையுறை) போட்டுக்கொண்டு சோதியுங்கள்; பலருக்குக் கேட்காது. அதிர்வு நல்லது, ஆனால் 3 மி.மீ. டைவ் உடையின் கைக்கு மேலே கட்டினால் மங்கிவிடும். ஆழ அலாரம் குறைந்தது மூன்று தனித்தனியாக வைக்க முடிய வேண்டும். அதைவிட முக்கியம் மேற்பரப்பு இடைவெளி அலாரம்: முங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஓய்வு என்பது குறைந்தபட்சம். ஆழம் கூடினால் மீட்டரை 5-ஆல் வகுத்து அத்தனை நிமிடம். 30 மீட்டருக்கு 6 நிமிடம். இரண்டில் எது அதிகமோ அது. வாட்ச் எவ்வளவு கத்தினாலும் மயங்கிய ஆளைத் தூக்கிவிடாது. ஒருவர் கீழே என்றால் ஒருவர் மேலே, இதில் பேரம் இல்லை.

ஆழத்தில் டைவ் உடையின் நியோப்ரீன் ரப்பர் நசுங்கும், மேலே இறுக்கமாக இருந்த பட்டை கீழே வளையல்போல் சுற்றும். இழுவையுள்ள சிலிக்கான் அல்லது பங்கீ பட்டை இதற்குச் சரி. துணிப்பட்டை என்றால், பட்டையைப் பிடிக்கும் இரு முள்ளுக்கும் அடியில் ஒரே துண்டாக ஓடும் வகை. ஒரு முள் போனாலும் வாட்ச் கையில் இருக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்கள்

சாதாரண கைக்கடிகாரத்தில் "100 மீ" என்றிருப்பது நீர்புகாச் சோதனை அழுத்தம், டைவ் அனுமதி அல்ல. ஐஎஸ்ஓ 6425 என்பது டைவர் கடிகாரத் தரம். ஆழம் காட்டும் கருவிக்கு வேண்டியது இஎன் 13319. ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவில் நீர்புகாத் தரம் 100 மீட்டர், ஆழமானி 40 மீட்டர் வரை. தொண்டிக்கு அது ஏராளம். தொடுதிரையை மட்டும் நம்பும் எதுவும் நீருக்கடியில் உதவாது. பொத்தான் வேண்டும், கையுறையோடு அமுக்க வர வேண்டும்.

ஸ்கூபா பக்கம், ஷியர்வாட்டர், கார்மின் இரண்டும் பூல்மன் கணக்கை (உடம்பில் நைட்ரஜன் ஏறி இறங்குவதைக் கணிக்கும் முறை) கிரேடியன்ட் ஃபேக்டரோடு (எவ்வளவு எச்சரிக்கை என்று சொல்லும் இரண்டு எண்கள்) தருகின்றன. குறைந்த எச்சரிக்கை 45/95, நடுத்தரம் 40/85. முதல் எண் ஆழத்து நிறுத்தங்களையும் இரண்டாவது மேலே வரும்போது மிச்சம் இருக்கலாமென்ற சுமையையும் தீர்மானிக்கும். வெயிலில் காய்ந்து, தண்ணீர் குடிக்காமல், நாளுக்கு மூன்று டைவ் போடும் விடுமுறைக்கு 40/85-ஐ மாற்ற வேண்டாம். கூட வருபவரின் வாட்ச் வேறு கணக்கில் ஓடினால் இருவரில் குறைந்த நிமிடம் காட்டுவதைத்தான் பின்பற்ற வேண்டும். நைட்ராக்ஸ் 32 (32 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்று) என்றால் ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பாருக்கு 33 மீட்டர் எல்லை. சிலிண்டரில் ஆக்சிஜனை அளந்து, வாட்சில் எண்ணைக் கையால் போட்டபின்தான் குதிக்க வேண்டும்.

விமானத் தடை நேரம் என்று வாட்ச் காட்டுவதை விமானத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். ராமேஸ்வரம் பக்கம் ஸ்கூபா போட்டுவிட்டு அப்படியே மதுரை வழி கொடைக்கானல் போகும் திட்டம் இங்கே சகஜம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். விமான அறைக்குள் இருக்கும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி, பல டைவ் என்றால் 18 மணி, மலை ஏறுவதற்கும் அதே கணக்கு.

பேட்டரி, உப்பு, வெயில்

சிஆர் 2032 எந்தக் கடையிலும் கிடைக்கும். டைவ் வாட்சில் வருவது பெரும்பாலும் சிஆர் 2430 அல்லது 2450. இரண்டை முன்கூட்டி வாங்கி வையுங்கள். மூடியைத் திறந்தால் ஓ-ரிங்கை (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிதாகப் போட்டு, மெல்லிய பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ். ஒரு தலைமுடி ஓ-ரிங்கின் கீழே கிடந்தாலும் தண்ணீர் உள்ளே வரும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

சார்ஜ் ஏற்றும் வகையில் தொந்தரவு வேறு. வெளியே தெரியும் உலோகப் புள்ளிகளில் உப்பு இருக்கும்போதே சார்ஜரை மாட்டினால் மின்னோட்டமே அரிமானத்தை வேகப்படுத்தும். புள்ளிகள் முதலில் பச்சை பூக்கும், பிறகு குழி விழும். அரிமானத்தை ஆராயும் சிக்ரி ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது, அதன் கடலோர நிலையம் மண்டபத்தில் இருக்கிறது. அந்தக் கடல் உலோகத்தை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, நீருக்குள்ளேயே பொத்தான்களை அமுக்கி, துடைத்துக் காய்ந்தபின் சார்ஜ். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் கழுவாததுபோலத்தான். ஷியர்வாட்டர் டெரிக்கில் கம்பியில்லா சார்ஜ் என்பதால் இந்தத் தலைவலி இல்லை. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டால் எந்த லித்தியம் பேட்டரியும் சீக்கிரம் கிழடாகும். பயன்படாத மாதங்களில் பாதி சார்ஜோடு, நிழலில்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் உறவுக்காரர்களிடம் சொல்லி வாங்குவது இங்கே வழக்கம்தான். வாங்கும்போது உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய வட்டாரத்துக்குள்தான். கடையிலேயே மென்பொருளைப் புதுப்பித்து, சீரியல் எண்ணைப் பதிவு செய்துவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.

அடுத்து சோதிக்க இருப்பது சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் டிரான்ஸ்மிட்டர். கார்மின் ரேடியோவுக்குப் பதில் ஒலியலையில் அனுப்புகிறது, மற்றவை பெரும்பாலும் ரேடியோ. வாட்ச் இடக்கையிலும் டிரான்ஸ்மிட்டர் வலப்பக்கமும் இருக்கும்போது எதில் எத்தனை முறை தொடர்பு அறுகிறது, சாதாரண அழுத்தமானியோடு எத்தனை பார் வித்தியாசம் வருகிறது என்பதைக் கயிற்றில் பார்க்க முடியாது, சிலிண்டரோடு இறங்கித்தான் எழுத முடியும்.